ஊசி மாறிப்போனால் யார் பொறுப்பு?

“தவறான ஊசி போட்டதால் நோயாளி மரணம், செவிலியர் சஸ்பெண்ட்.” அவ்வப்போது கண்ணில் படுகிற தலைப்பு இது. கீழே உறவினர்களின் மறியல், போலீஸ் சமாதானம், விசாரணைக்கு உத்தரவு என்று நான்கு வரி இருக்கும். அந்த விசாரணையில் என்ன தெரியவந்தது என்பது பெரும்பாலும் செய்தியாவதில்லை. அன்று அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள், அந்த மருந்து ஏன் அந்த அலமாரியில் இருந்தது, கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது படிக்கும்படி இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் சஸ்பெண்ட் ஆனதோடு கணக்குத் தீர்ந்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

கணக்குத் தீரவில்லை என்றுதான் மருத்துவப் பாதுகாப்பு பற்றி ஆராய்ந்தவர்கள் கால் நூற்றாண்டாகச் சொல்லிவருகிறார்கள். ஆளை மாற்றிவிட்டு வார்டை அப்படியே விட்டால், அதே பிழை அடுத்தவர் கையில் நடக்கும். அதற்காகத் தவறு செய்தவரை ஒன்றும் கேட்கக்கூடாதா? கேட்கத்தான் வேண்டும். யாரிடம், எதற்காக, எவ்வளவு கேட்பது என்பதில்தான் சிக்கல். சட்டமோ மருத்துவமோ தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி அதைப் பிரித்துப் பார்க்கலாம்.

எல்லாத் தவறும் ஒன்றல்ல

விமானத் துறையிலிருந்து மருத்துவத்துக்கு வந்த ஒரு சிந்தனை உண்டு. ‘ஜஸ்ட் கல்ச்சர்’ என்பார்கள். டேவிட் மார்க்ஸ் என்ற அமெரிக்கர் 2001-ல் மருத்துவமனைகளுக்காக இதை எழுதிவைத்தார். பின்னால் அவர் வகுத்த கணக்கில் தவறு மூன்று வகை.

பத்தாம் படுக்கைக்கு எடுத்த மாத்திரையைப் பதினொன்றாம் படுக்கைக்காரரிடம் கொடுத்துவிடுவது வெறும் பிழை. செய்ய நினைத்தது ஒன்று, கை செய்தது வேறொன்று. எவ்வளவு கெட்டிக்காரருக்கும் இது நடக்கும்.

அடுத்தது குறுக்குவழி. மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் பெயரைக் கேட்டு, சீட்டோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. ‘மூன்று நாளாகப் பார்க்கிற முகம்தானே’ என்று கேட்காமல் போடுவது குறுக்குவழி. இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் குறுக்குவழி பெரும்பாலும் வார்டு முழுக்கப் பழக்கத்தில் இருக்கும். மேலே உள்ளவர்களுக்கும் தெரியும். வேலை சீக்கிரம் முடிகிறது என்பதால் கண்டுகொள்ளாமல் இருப்பார்கள். விபரீதம் நடந்த அன்றுதான் விதிப்புத்தகத்தை எடுப்பார்கள்.

மூன்றாவது, ஆபத்து என்று தெரிந்தே செய்வது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பு மையில் எழுதியிருப்பதைப் படித்த பிறகும் அந்த ஊசியைப் போடுவது, போதையில் டியூட்டிக்கு வருவது போன்றவை இதில் வரும்.

முதல் வகைக்கு ஆறுதலும் ஏற்பாட்டில் மாற்றமும், இரண்டாவதற்குத் திருத்தமும் பயிற்சியும், மூன்றாவதற்குத் தண்டனை. அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு: விளைவைப் பார்த்து வகையைத் தீர்மானிக்கக் கூடாது. இரண்டு குப்பிகள் மாறிப்போய் நோயாளிக்கு வைட்டமின் ஏறினால் யாரும் கேட்பதில்லை. அதே மாதிரி மாறி உயிர் போனால் ஜெயில். செய்த செயல் இரண்டிலும் ஒன்றுதான். நம் ஊரில் அநேகமாக எல்லா விசாரணைகளும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன என்பது என் அபிப்பிராயம்.

எட்டு மணி மருந்து

செவிலியர் பள்ளியில் முதல் ஆண்டிலேயே மனப்பாடம் செய்ய வைப்பது: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஐந்தையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். யாருக்கும் இதில் ஆட்சேபணை இல்லை. இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பொது வார்டில் 30 பேர். ஆளுக்கு இரண்டு ஊசி என்று வையுங்கள், 60 ஆயிற்று. ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தூளாக வரும். குப்பியின் மூடியைத் துடைத்து, டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலை உடைத்து, உறிஞ்சி, குப்பிக்குள் விட்டு, குலுக்கி, கட்டியில்லாமல் கரைந்ததா என்று வெளிச்சத்தில் பார்த்து, திரும்ப சிரிஞ்சில் எடுக்க வேண்டும். பிறகு படுக்கைக்குப் போய்ப் பெயர் கேட்டு, கையில் மருந்து ஏற்றுவதற்காகப் போட்ட வென்ஃப்ளான் குழாய் இருக்கும் இடம் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, மெதுவாகச் செலுத்த வேண்டும். முடித்ததும் சீட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் 60 ஊசிக்கு ஐந்து மணி நேரம். இரண்டு செவிலியர் இருந்தால் ஆளுக்கு இரண்டரை மணி. ஆனால் சீட்டில் எல்லோருக்கும் எழுதியிருப்பது ‘காலை 8 மணி’.

அந்த இரண்டரை மணி நேரமும் அவர்கள் கையில் முழுசாக இருப்பதும் இல்லை. “சிஸ்டர், ட்ரிப் முடிஞ்சிருச்சு.” பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார், கூடவே போக வேண்டும். ஏழாம் படுக்கையைத் தியேட்டருக்கு அனுப்ப வேண்டும், கையெழுத்துப் போட உறவினரைக் காணோம். லேபிலிருந்து போன். டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு மாத்திரை விளக்க வேண்டும். ஸ்டாக் ரிஜிஸ்டர் வேறு எழுத வேண்டும்.

என்ன செய்வார்கள்? முன்கூட்டியே எல்லா மருந்தையும் சிரிஞ்சுகளில் ஏற்றி ஒரு ட்ரேயில் வரிசையாக வைத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போவார்கள். சிரிஞ்சில் பெயர் ஒட்ட நேரம் இருக்காது, வரிசைதான் அடையாளம். நடுவில் ஒருவர் கூப்பிட்டு, திரும்பி வரும்போது ட்ரே லேசாக நகர்ந்திருந்தால் போதும். கண்ணாடி மாதிரி நிறமற்ற திரவம் நிறைந்த பத்து சிரிஞ்சில் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. பெயர் ஒட்டாத சிரிஞ்சு விதிமீறல்தான். அந்த விதியைக் காப்பாற்றும் நேரத்தை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இடையூறுக்கும் பிழைக்கும் உள்ள தொடர்பை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சிட்னியில் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே நின்று கவனித்த ஆய்வு 2010-ல் வந்தது. பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் நடுவில் யாராவது குறுக்கிட்டார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் பிழைக்கான வாய்ப்பு சுமார் 12 சதவீதம் கூடியது. ஆள் எண்ணிக்கையைப் பற்றி அதற்கு முன்பே, 2002-ல், பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை வைத்து லிண்டா ஏய்க்கன் குழு எழுதியது. அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களைப் பார்க்கும் செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடக்கூட, 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். கலிபோர்னியா இதற்கென்று சட்டமே போட்டது. அங்கே பொது வார்டில் ஒரு செவிலியருக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது, ஐ.சி.யூ.வில் இரண்டுக்கு மேல் கூடாது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் பரிந்துரையும் தாராளமானதுதான். கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஆளுக்கு ஒருவர். இதைப் படித்துவிட்டு எந்த அரசு மருத்துவமனை வார்டுக்குள் வேண்டுமானாலும் ஒரு நைட் டியூட்டியில் போய் எண்ணிப் பாருங்கள்.

வேலையே நிலையில்லாதபோது

ஆள் பற்றாக்குறையைவிடக் குறைவாகப் பேசப்படுவது, வேலையின் தன்மை. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் வழியாக 2015-ல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை எடுத்தார்கள். மாதம் ரூ.7,700 தொகுப்பூதியம், இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு. அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். ஊதியம் பின்னால் 14,000, 18,000 என்று ஏறியது. நிரந்தரம் மட்டும் தவணை முறையில் வந்தது. கொரோனா காலத்தில் எடுத்தவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அனுப்பியபோது மறுபடி போராட்டம். மே 12 செவிலியர் தினத்தன்று ‘வெள்ளுடைத் தேவதைகள்’ என்று வாழ்த்துவதில் நமக்குக் குறைவே இல்லை. தேவதைக்குப் பசி, தூக்கம், வாடகை எதுவும் கிடையாது என்பது அந்த வாழ்த்தில் உள்ள வசதி.

தனியாரில் கதை வேறு. ரூ.10,000 சம்பளத்துக்குச் சேர்ந்தவரின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொண்டு, பாண்டு எழுதி வாங்குகிற இடங்கள் உண்டு. இதெல்லாம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 ஜனவரியில் ஒரு குழு போடச் சொன்னார்கள். அந்தக் குழு, 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையாகச் சம்பளம் கொடுக்க வேண்டும், 50-க்குக் கீழே உள்ள சின்ன மருத்துவமனையிலும் ரூ.20,000-க்குக் குறையக் கூடாது என்றது. கேரளத்தில் செவிலியர்கள் தொடர்ந்து போராடி 2018-ல் அந்த 20,000-ஐ அரசாணையாக வாங்கினார்கள்.

சம்பளத்துக்கும் ஊசி மாறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். “இன்றைக்கு இத்தனை பேரை என்னால் பார்க்க முடியாது” என்று எழுதிக்கொடுக்க ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும். “டாக்டர், இந்த டோஸ் அதிகமாகத் தெரிகிறதே” என்று திருப்பிக் கேட்கவும் வேண்டும். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. மருந்து நோயாளியின் உடம்புக்குள் போவதற்கு முன் கடைசியாக நிறுத்தக்கூடியவர் செவிலியர்தான். அவர் வாயைக் கட்டிவைத்தால் அந்தக் கடைசிக் காவலும் போய்விடுகிறது.

பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதை ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டித் துண்டுகளை வைத்து விளக்கினார். மருந்தகம், மருத்துவர், கணினி, செவிலியர் என்று பல துண்டுகளை அடுக்கிவைத்தால் ஒன்றில் உள்ள ஓட்டையை அடுத்தது மறைத்துவிடும். எல்லா ஓட்டையும் என்றைக்காவது ஒரே நேர்க்கோட்டில் வரும்போது விபத்து ஊடுருவி வருகிறது. நாம் பார்ப்பது கடைசித் துண்டை மட்டும். அது எப்போதும் செவிலியர்தான்.

டென்னசியில் நடந்தது

இந்த விவாதத்தில் உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் ராடான்டா வாட் வழக்கு. அவரை முழு நிரபராதியாகவோ முழுக் குற்றவாளியாகவோ காட்ட முடியாது என்பதால்தான் இதை விரிவாகப் பார்க்கலாம் என்கிறேன்.

2017 டிசம்பர் 26. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் வான்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை. மூளையில் ரத்தக்கசிவோடு சேர்ந்த 75 வயதுப் பெண்மணி தேறிக்கொண்டிருந்தார். பெட் (PET) ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். அடைபட்ட இடம் என்றால் பயம் என்பதால் பதற்றத்தைத் தணிக்க வெர்செட் என்ற மருந்தை மருத்துவர் எழுதினார். வாட் அன்று வார்டில் எல்லோருக்கும் உதவியாளராகச் சுற்றிக்கொண்டிருந்தார். கூடவே ஒரு புதுச் செவிலியருக்குப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கே மருந்தை ஏ.டி.எம். மாதிரி ஒரு கணினி அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும். வாட் ‘வி’, ‘ஈ’ என்று முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். வெர்செட் வரவில்லை. அலமாரியில் அது மிடாசோலம் என்ற வேதிப்பெயரில் இருந்தது. ஒப்புதலுக்குக் காத்திராமல் எடுக்கும் ‘ஓவர்ரைடு’ வசதியை அழுத்தி, மறுபடி அதே இரண்டு எழுத்து. முதலில் வந்ததை எடுத்தார். வந்தது வெக்யூரோனியம். அறுவைசிகிச்சையின்போது தசைகளை முடக்க, செயற்கை சுவாசத்தோடு மட்டும் கொடுக்கிற மருந்து. சுவாசக் கருவி இல்லாதவருக்குக் கொடுத்தால் நினைவு இருக்கும்போதே மூச்சு நின்றுவிடும்.

வெர்செட் திரவம், வெக்யூரோனியம் தூள், கரைத்துத்தான் ஏற்ற முடியும். குப்பியின் மூடியில் ‘முடக்கும் மருந்து’ என்ற எச்சரிக்கை இருந்தது. வாட் அதைப் பார்க்கவில்லை. ஸ்கேன் பகுதியில் பார்கோடு சரிபார்க்கும் கருவி இல்லை. ஊசி போட்டுவிட்டு, நோயாளியைக் கவனிக்க நிற்காமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். சுமார் அரை மணி நேரம் கழித்துத்தான் மூச்சில்லை என்று கண்டார்கள். மறுநாள் அந்தப் பெண்மணி இறந்தார்.

இதில் எது பிழை, எது குறுக்குவழி, எது அலட்சியம்? பட்டியலில் முதலில் வந்ததைத் தொட்டது பிழை. ஓவர்ரைடு அந்த மருத்துவமனையில் அன்றாடப் பழக்கம்; கணினி மென்பொருள் மாறிய நேரம், அதே நோயாளிக்கு மூன்று நாளில் குறைந்தது 20 முறை ஓவர்ரைடு செய்ய வேண்டியிருந்தது என்று வாட் தரப்பு சொன்னது. அது குறுக்குவழி, மருத்துவமனை அறிந்தே நடந்த குறுக்குவழி. ஆனால் தூளைக் கரைக்கும்போதுகூட லேபிளைப் படிக்காதது, ஊசி போட்ட பிறகு கூட நிற்காதது? மெத்தனமாக இருந்துவிட்டேன், கவனம் சிதறியிருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கும் அவருக்காக வாதாட மனம் வரவில்லை.

மற்ற தரப்பையும் பாருங்கள். நடந்ததை வாட் அன்றே மறைக்காமல் சொன்னார். மருத்துவமனையோ, மரண விசாரணை அதிகாரியிடம் மருந்து மாறியதைச் சொல்லவில்லை. மூளை ரத்தக்கசிவால் நேர்ந்த இயற்கை மரணம் என்று பதிவானது. சட்டப்படி மாநில அரசுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்கவில்லை. வாட்டை வேலையை விட்டு நீக்கினார்கள். வெளியே பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்தார்கள். 2018 அக்டோபரில் பெயர் சொல்லாத ஒருவர் மத்திய அதிகாரிகளுக்குத் துப்புக் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2019-ல் கைது, 2021-ல் பதிவு ரத்து, 2022 மார்ச்சில் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தீர்ப்பு, மே மாதம் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. மருத்துவமனை மீது கிரிமினல் வழக்கே இல்லை. உண்மையைச் சொன்னவர் கூண்டில் நின்றார், மறைத்தவர்கள் நிற்கவில்லை. அமெரிக்கச் செவிலியர்கள் கொதித்தது இதற்குத்தான். கென்டக்கி மாநிலம் 2024-ல், சிகிச்சையில் நேரும் சாதாரணப் பிழைகளைக் கிரிமினல் குற்றமாக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது.

பயனுள்ள மாற்றமும் ஒன்று நடந்தது, கோர்ட்டுக்கு வெளியே. அலமாரியில் மருந்து தேட இரண்டு எழுத்து போதாது, குறைந்தது ஐந்து எழுத்து தட்ட வேண்டும் என்று மருந்துப் பாதுகாப்பு அமைப்பு பரிந்துரைத்தது. அலமாரி செய்கிறவர்களும் அதற்கு வழி செய்தார்கள். ஐந்து எழுத்து தட்டினால் வெர்செட்டும் வெக்யூரோனியமும் ஒருபோதும் பக்கத்தில் வராது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது

இங்கே மூன்று பாதைகள் தனித்தனியாகப் போகின்றன: இழப்பீடு, கிரிமினல் வழக்கு, வேலை-பதிவு மீதான நடவடிக்கை. மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் மறியல் நடக்கும் இடத்தில் எல்லோரும் ‘கைது செய்’ என்று மட்டும் கேட்கிறார்கள்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை சட்டம் தெளிவு. ஊழியரின் தவறுக்கு மருத்துவமனை பதில் சொல்ல வேண்டும். 1993 டிசம்பரில் டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டைபாய்டுக்காகச் சேர்த்த சிறுவனுக்குச் செவிலியர் நரம்பில் ஊசி போட்டார். போட்டவுடன் இதயம் நின்றது. உயிர் திரும்பியது, மூளை திரும்பவில்லை. விசாரித்தால், அந்தச் செவிலியர் எந்த மாநில கவுன்சிலிலும் பதிவு செய்யாதவர். மருத்துவர் தானே போட்டிருக்க வேண்டிய ஊசி அது. 1998-ல் உச்ச நீதிமன்றம், சிறுவனுக்கு 12.5 லட்சமும் பெற்றோரின் மனவேதனைக்கு 5 லட்சமும் மருத்துவமனை தரப்பு கொடுக்க வேண்டும் என்ற உத்தரவை உறுதி செய்தது. தகுதியில்லாத ஆளைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்த முடிவு மருத்துவமனையுடையது அல்லவா? 2004-ல் இன்னொரு தீர்ப்பில், எந்த டாக்டர், எந்த நர்ஸ் என்று பெயர் சொல்லி வழக்குப் போட வேண்டிய அவசியம்கூட நோயாளிக்கு இல்லை, கவனக்குறைவு இல்லை என்று காட்ட வேண்டியது மருத்துவமனைதான் என்றது அதே நீதிமன்றம். கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முழுக்க இலவசமான அரசு மருத்துவமனை என்றால் சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ போக வேண்டும்.

கிரிமினல் பக்கம் 2005-ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்புதான் அடித்தளம். லூதியானாவில் மூச்சுத்திணறிய நோயாளிக்கு ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டினார்கள், காலி. வேறு சிலிண்டர் வருவதற்குள் அவர் இறந்துபோனார். டாக்டர்கள் மீது வழக்கு. சிலிண்டர் காலியாக இருந்ததற்கு ஒருவேளை மருத்துவமனை சிவில் முறையில் பொறுப்பாகலாம், டாக்டரைக் குற்றவாளியாக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான கவனக்குறைவு இருந்தால்தான் கிரிமினல் வழக்கு. அதற்கு முன் வேறொரு மருத்துவரின் நடுநிலையான கருத்தைப் போலீஸ் வாங்க வேண்டும். எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதன் வழிகாட்டுதல் பேசுவது டாக்டர்களைப் பற்றி.

அந்தச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருகிறவர்களின் கதி என்ன? 2024 ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவைப் படியுங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் எல்லோருக்கும் அதிகபட்சம் 2 ஆண்டு. புதிய சட்டத்தின் 106(1) பிரிவு அதை 5 ஆண்டாக ஏற்றியது. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நேர்ந்தால் மட்டும் 2 ஆண்டு. அந்தப் ‘பதிவுபெற்ற மருத்துவர்’ யார் என்பதற்கான விளக்கத்தில் தேசிய மருத்துவப் பதிவேட்டிலோ மாநில மருத்துவப் பதிவேட்டிலோ பெயர் உள்ளவர் என்று இருக்கிறது. செவிலியர் பதிவு செய்திருப்பது நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில். எழுத்துப்படி பார்த்தால், ஒரே படுக்கையருகே, ஒரே நோயாளிக்கு, தவறான மருந்தை எழுதியவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு, அதை எடுத்துப் போட்டவருக்கு 5 ஆண்டு. மருந்தைத் தீர்மானிக்கும் அதிகாரமும் இல்லை, வார்டில் எத்தனை பேர் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் இல்லை. தண்டனையில் மட்டும் முன்னுரிமை. கேரள உயர் நீதிமன்றம் 2024-ல், டாக்டர்களுக்குள்ள அந்தக் கைதுப் பாதுகாப்பைச் செவிலியருக்கும் நீட்டிக்க மாநில அரசு உத்தரவு போட வேண்டும் என்று சொன்னது. சட்டப் பிரிவை மாற்றுவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது.

மூன்றாவது பாதை, துறை நடவடிக்கை. நிரந்தர அரசுச் செவிலியர் என்றால் ‘17-பி’ என்கிற குற்றச்சாட்டு மெமோ வரும், பதில் எழுதலாம், விசாரணை நடக்கும், மேல்முறையீடு உண்டு. தொகுப்பூதியக்காரருக்கு அந்த 17-பி-யின் பாக்கியம்கூட இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றால் முடிந்தது. தனியாரிலும் அதே கதைதான்.

மறைக்காமல் எழுதினால்

பிழையைக் குறைக்க வழி, பிழையைப் பற்றித் தெரிந்துகொள்வது. அதற்கு ‘இன்சிடென்ட் ரிப்போர்ட்’ என்ற படிவம் பெரிய மருத்துவமனைகளில் உண்டு. விபரீதம் நடந்தது மட்டுமல்ல, நடக்கவிருந்து மயிரிழையில் தப்பியதையும் அதில் எழுத வேண்டும். எழுதினால் மெமோ வரும் என்று தெரிந்தால் யாரும் எழுத மாட்டார்கள். படிவக்கட்டு புத்தம்புதிதாக இருக்கும். நிர்வாகம் அதைக் காட்டி ‘எங்களிடம் பிழையே இல்லை’ என்று பெருமைப்படும்.

எழுதினால் என்ன நடக்கும் என்பதற்குப் பொட்டாசியம் குளோரைடு நல்ல உதாரணம். பத்து மில்லி ஆம்பூல், நிறமில்லை, டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலோடு கலந்து கிடந்தால் அவசரத்தில் வித்தியாசம் தெரியாது. ட்ரிப்பில் கலந்து மெதுவாக ஏற்றினால் மருந்து; நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். பல நாடுகளில் இப்படி உயிர்கள் போன பிறகு, ‘கவனமாக இருங்கள்’ என்று சுற்றறிக்கை விடுவதை நிறுத்திவிட்டு, அடர்பொட்டாசியத்தை வார்டு அலமாரியிலேயே வைக்காதீர்கள் என்றார்கள். 2007-ல் உலக சுகாதார நிறுவனமும் அதையே பரிந்துரைத்தது. கையில் இல்லாத ஆம்பூலை யாரும் மாற்றி எடுக்க முடியாது.

இதே மாதிரிச் செலவில்லாத இன்னொன்று, போனில் வரும் உத்தரவைத் திருப்பிச் சொல்வது. ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் தூக்கக் கலக்கத்தில் சொல்வது ‘ஃபிஃப்டீன்’னா ‘ஃபிஃப்டி’யா என்று காதுக்குத் தெரியாது. “ஒன் ஃபைவ், பதினைந்துதானே டாக்டர்?” என்று கேட்டு, அப்படியே எழுதி, காலையில் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எரிந்து விழுகிற டாக்டர்கள் இருப்பார்கள். பரவாயில்லை.

நோயாளி தரப்பில் இருப்பவர்களுக்கு: ஊசி போட வரும்போது “இது என்ன மருந்து சிஸ்டர், எதுக்கு?” என்று கேட்பது உங்கள் உரிமை, நல்ல செவிலியர் அதைக் கேள்வியாகத்தான் எடுத்துக்கொள்வார், குற்றச்சாட்டாக அல்ல. ஆனால் அவர் அடுத்தவருக்கு மருந்து கலக்கும்போது கூப்பிடாதீர்கள், ட்ரிப் முடிய இன்னும் கால் பாட்டில் இருக்கிறதென்றால் காத்திருங்கள். தவறு நடந்ததாகச் சந்தேகம் வந்தால் முதலில் எழுத்து மூலம் கேஸ் ஷீட் நகலைக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. காலிக் குப்பியும் சிரிஞ்சும் இருந்தால் குப்பைக்குப் போகாமல் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். புகாரில் செவிலியர் பெயரோடு நிற்காமல், அந்த ஷிஃப்டில் எத்தனை பேர் பணியில் இருந்தார்கள், எத்தனை நோயாளிகள் என்ற விவரத்தையும் கேட்டு எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும்.

கையால் பிழை நேர்ந்துவிட்ட செவிலியருக்கு: முதலில் நோயாளி, உடனே டாக்டர், அடுத்து வார்டு பொறுப்பாளர், பிறகு எழுத்து. கேஸ் ஷீட்டில் என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். யார் மேல் தப்பு என்று எழுத வேண்டாம். முன்பு எழுதியதை வெள்ளை மை வைத்து மறைக்காதீர்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். திருத்த வேண்டியிருந்தால் படிக்கும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் தேதி, நேரம், கையெழுத்து.